ஒத்திகை நாளில் அடித்த மணி

ஓர் ஊரார் உங்களைப் பார்த்து, ‘உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், உங்களை நம்புவதில்லை என்று அவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். அதற்குக் காரணம் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவராக இருக்கலாம். அவருக்கும் முன் இருந்தவராக இருக்கலாம். நாற்காலியில் அமரும்போது அந்தக் கணக்கும் உங்களுடையதாகிவிடுகிறது.

வருவாய்த் துறையில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களுக்குப் பட்டாவையும் புலப்படத்தையும் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது அவற்றைப் பற்றியன்று. எல்லையில் போர் மூண்ட அந்த வாரத்தில், மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வட்டாட்சியராக இருந்த நான் ஒரு கடற்கரை ஊரில் பட்ட பாட்டைச் சொல்லுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே.

போர்ச் செய்தி வந்த மறுநாள் நாகர்கோவில் நகரம் வேறொன்றாக மாறியிருந்தது. விடுப்பில் வந்திருந்த படைவீரர்களை வழியனுப்ப இரயில் நிலையத்தில் மாலைகளோடு கூட்டம் நின்றது. கல்லூரி மாணவர்கள் கொடியேந்தி ஊர்வலம் போனார்கள். சபைகளில் சிறப்பு ஜெபம், கோயில்களில் அருச்சனை, அய்யாவழிப் பதிகளில் பணிவிடை என்று எல்லா வழிபாட்டிடங்களும் நிறைந்தன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஐயம். களியக்காவிளையில் கேரள எல்லை கடந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் காவலர் நிறுத்தினர். காவலர் நிறுத்தாததைப் பொதுமக்கள் நிறுத்தினர். கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் தேநீர்க் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் துறையைச் சேர்ந்த நில அளவர் ஒருவரும் அதில் சிக்கினார். பத்மநாபபுரத்தில் கோட்டைச் சுவரை அடுத்த ஒரு மனையை அளக்க அவர் முக்காலியை நிறுத்திக் கருவியைப் பொருத்தியதுதான் தாமதம், பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏலே, கோட்டைய எதுக்குலே அளக்க? யாருக்குலே அனுப்ப?”

அவர் அடையாள அட்டையை நீட்டினார். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர், “இத எந்தக் கடையிலயும் அடிச்சுத் தருவான்” என்றார். முத்திரையும் கையொப்பமும் எடுபடவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஓர் அம்மாள்தான் அவரை மீட்டார்.

“இவனா? எங்க வேலித் தகராறுல மேலவீட்டுக்காரனுக்குச் சாதகமா கல்லு நாட்டிட்டுப் போனவன்லா. இவன் ஒற்றன் ஒண்ணும் இல்ல, கள்ளன். விடுங்க, போவட்டும்.”

அவர் பிழைத்தார். அரசு முத்திரை காப்பாற்றாத அவரை, ஒருவருக்கு அவர்மேல் இருந்த பழைய மனக்குறை காப்பாற்றியது. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இது எங்களுக்கு வந்த முன்னறிவிப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரத்திலேயே வான்தாக்குதல் ஒத்திகைக்கு ஆணை வந்தது. அபாயச் சங்கு ஒலித்ததும் மக்கள் தெருவை விட்டு வீட்டுக்குள் செல்ல வேண்டும். ஒலி நிற்கும்வரை வெளியே வரக்கூடாது. நகரத்தில் சங்கு இருந்தது. கடற்கரை ஊர்களில் இல்லை. ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் இதைப் பேசியபோது, மாதா கோயில் மணியை அடிக்கச் செய்யலாமே என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் அது எளிதாகத் தோன்றியது. நான் குறிப்பிடும் ஊரில் பங்குத்தந்தை புதியவர். மலைப்பகுதிப் பங்கு ஒன்றிலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்திருந்தார். தொலைபேசியில் கேட்டதும் இசைந்தார். மணியடிக்கும் உபதேசியார், “எப்பிடி அடிக்கணும்?” என்று மட்டும் கேட்டாராம். “விடாமல் அடியுங்கள்” என்று எங்கள் தரப்பிலிருந்து விடை போயிற்று.

அந்த ஊரில் விடாமல் அடிக்கும் மணிக்கு ஒரே பொருள்தான் உண்டு. கடலில் போனவர்களுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. எல்லாரும் கரைக்கு வாருங்கள். பிறந்த குழந்தை வளரும்போதே காதில் ஏறிவிடும் பொருள் அது. அந்த ஒலி கேட்டால் அடுப்பில் உலை கொதித்தாலும் விட்டுவிட்டு ஓடுவார்கள். அதை ஒளிவதற்கான அடையாளமாக நாங்கள் மாற்றியிருந்தோம்.

முந்தைய நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ‘நாளை மாலை ஒத்திகை, மணி கேட்டதும் வீட்டுக்குள் செல்லவும்’ என்று அறிவித்தது உண்மை. ஆனால் பார்வையிட வரவிருந்த மேலதிகாரி ஒருவருக்கு வேறோர் ஊரில் வேலை இருந்ததால், மாலை ஒத்திகை பிற்பகலுக்கு முன்தள்ளப்பட்டது. அதை ஊருக்குச் சொல்ல ஆட்டோ திரும்பப் போகவில்லை. உபதேசியாருக்கு மட்டும் தொலைபேசி போயிற்று.

நான் ஊருக்குள் நுழைந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. தெருக்களில் ஒருவரும் இல்லை. ஒத்திகை இவ்வளவு செம்மையாக நடக்கிறதே என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். வண்டி கோயிலைத் தாண்டித் திரும்பியதும் கடற்கரை தெரிந்தது. ஊர் முழுவதும் வெட்டவெளி மணலில் நின்றது.

என்னைக் கண்டதும் கூட்டம் வண்டியைச் சூழ்ந்தது. முன்னால் வந்தவர் ஊர்க் கமிட்டித் தலைவர் பீட்டர்.

“எந்த போட்டு சாறே?”

“எந்தப் படகுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது ஒத்திகை. நேற்றே அறிவித்திருந்தோமே.”

“ஒத்திகை சாயங்காலம்ணுதானே சொன்னீங்க? இப்ப என்னத்துக்கு அடிக்கு?”

“நேரம் மாற்றப்பட்டது.”

“அப்ப நேத்து ஒத்திகைண்ணு சொன்னது எதுக்கு? இண்ணைக்குச் சேதி வரும்ணு ஒங்களுக்கு நேத்தே தெரியும். நாங்க கரைக்கு வராம இருக்கத்தான் வீட்டுக்குள்ள போகச் சொன்னீங்க.”

அவர் சொன்னது எவ்வளவு பொருத்தமாக அடுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் செய்த ஒவ்வொரு பிழையும் அந்த அடுக்கில் ஒரு கல்லாக அமர்ந்திருந்தது. நானே கூட்டத்தில் நின்றிருந்தால் பீட்டரைத்தான் நம்பியிருப்பேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், சினந்த கூட்டத்தின் முன் ஒருபோதும் நிற்கமாட்டார். கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். “உன்னை அடிக்க வேண்டுமென்றாலும் அவன் குனிய வேண்டும், கேள்வி கேட்க வேண்டுமென்றாலும் குனிய வேண்டும். குனிந்தவனுக்குப் பாதிச் சினம் போய்விடும்” என்பார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின்மேல் நான் உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. பெயர் ஸ்டெல்லா என்று பிறகு அறிந்தேன். அவருடைய கணவர் தாசன், ‘மிக்கேல்’ என்னும் விசைப்படகின் ஓட்டுநர். அன்று கடலில் இருந்தார். ஸ்டெல்லாவின் தம்பியும் அதே படகில் இருந்தான்.

“சாறே, முன்ன ஒரு புயல் அடிச்சப்ப இதே எடத்துல ஒரு சாறு வந்து நிண்ணாரு. எல்லாரும் பத்திரமா இருக்காவ, வீட்டுக்குப் போங்கண்ணாரு. நாங்க போனோம். எங்க அப்பா இண்ணும் வரல்ல.”

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் சொன்னார்.

“அம்மா, எனக்குத் தெரிந்தவரை எதுவும் நடக்கவில்லை” என்றேன்.

“ஒங்களுக்குத் தெரிஞ்சவரைதானே.”

அவர் விடைக்காகக் காத்திருக்கவில்லை. கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்தார். “தாசனுக்க சத்தம் கேக்காம நான் எழும்ப மாட்டேன்” என்றார். அவரைச் சுற்றி மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். கடலில் அன்று அந்த ஊரின் ஆறு படகுகள் இருந்தன. போர் காரணமாக நெடுந்தொலைவு போகக்கூடாதென்று விதித்திருந்ததால், கரையிலிருந்து வயர்லெஸில் பேசினால் எட்டும் எல்லைக்குள்தான் அவை இருக்க வேண்டும்.

இதற்குள் காவல் ஆய்வாளர் உபதேசியாரைக் கோயில் வாசலிலிருந்து அழைத்து வந்திருந்தார். ஆய்வாளர் மதுரைப் பக்கத்துக்காரர், கடமை தவறாதவர், அந்த வாரத்தில் எல்லாரையும்போல அவரும் யாரையும் நம்பாதவராக இருந்தார்.

“சார், அறிவிச்ச நேரத்துக்கு முன்னாடியே மணி அடிச்சிருக்காரு. கூட்டத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டு வந்திருக்காரு. இது தற்செயல் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

உபதேசியார் தளர்ந்த குரலில், “ஆப்பீஸுல இருந்து போன் வந்துச்சு, அடிச்சேன்” என்றார்.

“அது எங்கள் அலுவலகத்துத் தொலைபேசிதான்” என்றேன் ஆய்வாளரிடம். “நீங்கள் அவரை வண்டியில் ஏற்றினால், உண்மையைச் சொல்ல மணியடித்தவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் இந்த ஊர் சொல்லும். பிறகு எந்த மொழியில் என்ன சொன்னாலும் பயனில்லை.”

அவர் என்னையும் ஒருமுறை ஐயத்தோடு பார்த்துவிட்டு, உபதேசியாரின் கையை விட்டார்.

அடுத்து என் கைப்பேசி ஒலித்தது. கரையில் நின்ற யாரோ ஒருவர் எடுத்த காணொளி, ‘குமரிக் கடலில் எதிரிக் கப்பல், மக்கள் ஓட்டம்’ என்ற தலைப்போடு பரவிவிட்டதாம். பார்வையிட இன்னும் வந்து சேராத அந்த மேலதிகாரியின் குரலில் பதற்றம் இருந்தது.

“எல்லாப் படகுகளும் பாதுகாப்பாக இருக்கின்றன என்று அறிவித்துவிட்டுக் கூட்டத்தைக் கலையுங்கள்.”

“அது எனக்குத் தெரியாது, ஐயா.”

“போர்க்காலத்தில் தெரியாது என்பது ஒரு விடையா?”

“கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுகிறேன்” என்று வைத்துவிட்டேன்.

கரையோரத்தில் மீனவர் சங்கக் கட்டடம் இருந்தது. அதில் படகுகளோடு பேசும் வயர்லெஸ் கருவி ஒன்று உண்டு. ஊரார் அதைச் ‘செட்டு’ என்பார்கள். படகுகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பேசிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். பீட்டர் கருவியருகே போனார். ஆய்வாளர் குறுக்கே நின்றார்.

“வேண்டாம் சார். இவங்க பேச்சே எனக்குப் பாதி புரியலை. கடல்ல இருக்கிறவங்ககிட்ட என்ன சொல்றாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? நீங்க பேசுங்க.”

பீட்டர் விலகிக்கொண்டார். அவர் விலகிய விதம் எனக்கு நல்லதாகப் படவில்லை. ஆயினும் நானே ஒலிவாங்கியை எடுத்தேன். சன்னல்களில் முகங்கள் நெருங்கின.

“‘மிக்கேல்’ விசைப்படகின் கவனத்திற்கு. வட்டாட்சியர் பேசுகிறேன். தங்கள் படகு தற்போது இருக்கும் இடத்தையும், படகில் உள்ளோரின் எண்ணிக்கையையும் உடனடியாகத் தெரிவிக்கவும்.”

இரைச்சல் மட்டும் வந்தது. மீண்டும் அழைத்தேன். இரைச்சல். அடுத்த படகை அழைத்தேன், அதற்கடுத்ததை அழைத்தேன். ஆறு படகுகளையும் பெயர் சொல்லி, ஒரு சொல் பிசகாமல், தெளிவாக அழைத்தேன். கடல் முழுவதும் வாய் மூடிக் கிடந்தது.

சன்னலுக்கு வெளியே முதலில் ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. பின்னர் அது பலவாயிற்று. ஆய்வாளருக்கும் இப்போது அச்சம் வந்துவிட்டது. எனக்கும்தான். ஆறு படகுகளும் ஒருசேர விடை தராததற்கு, நல்ல காரணம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசி மறுபடி ஒலித்தது. எடுக்கவில்லை.

இளையவர்களே, அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ‘கருவி பழுது, படகுகள் நலம்’ என்று சொல்லிவிட்டுப் போவது ஒன்று. மேலிடம் விரும்பியதும் அதுதான். ஒருவேளை அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் புயலின்போது அங்கே வந்து நின்றவரும் இப்படித்தானே எண்ணியிருப்பார். அவர் பொய் சொல்ல வேண்டுமென்று வந்திருக்க மாட்டார். ‘ஒருவேளை’ என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்.

வெளியே வந்து, மறுபடி அந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து சொன்னேன். “ஆறு படகுகளையும் அழைத்தேன். ஒன்றுகூட விடை தரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கரைக் காவல் படைக்குச் சொல்லப்போகிறேன். சேதி வரும்வரை நானும் இங்கேதான் இருப்பேன்.”

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட என்னைப் பார்த்தார்கள். கெட்ட சேதியை ஓர் அதிகாரி தன் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலும். ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினார்.

“என்ன சாறே கேட்டீங்க அவங்ககிட்ட?”

“எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.”

“நீங்க பேசினதுபோலயே சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“நான் பேசட்டு.”

ஆய்வாளர் என் காதருகே குனிந்தார். “சார், சங்கேதமா ஏதாவது பேசினா?”

“பேசட்டும். விடை வந்தால் போதும்” என்று ஒலிவாங்கியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அந்த வாரத்தின் எல்லா ஆணைகளுக்கும் மாறான செயல் அது என்பதை அறிந்தே கொடுத்தேன்.

“மிக்கேல், மிக்கேல். பிள்ளைக்க அப்பா, நான்தான். காது கேக்குதா, இல்ல வலைய காதுக்குள்ள திணிச்சு வச்சிருக்கியளா?”

இரைச்சல். பிறகு, வெகு தொலைவிலிருந்து, தயங்கித் தயங்கி ஓர் ஆண்குரல்.

“ஏட்டி, ஒனக்கப் பக்கத்துல யாரு?”

“தாசில்தாரு.”

“நம்ம செட்டுல தாசில்தாருக்கு என்ன சோலி? எங்க நிக்கியோம்ணு கேட்டான், ஆளெண்ணம் கேட்டான். நாங்க ஆறு போட்டும் பேசி வச்சு வாயடைச்சு இருக்கோம். நீ ஸ்டெல்லாதாண்ணு நான் எப்பிடி நம்ப?”

“நம்பாண்டாம்.”

“நான் எறங்கிப் போறப்ப நீ என்ன சொன்ன? அதச் சொல்லு.”

“கெணத்து மோட்டாரு கெட்டுக் கெடக்கு, வெள்ளம் கோரிக் கோரி கை ஒடியுது, அத நன்னாக்காம போறியளே, திரும்பி வந்தா குளிக்கதுக்கும் கடலுக்கே போங்கண்ணு சொன்னேன். இப்பமும் அதையேதான் சொல்லுகேன்.”

கருவியில் வேறொரு குரல் குறுக்கிட்டது, வேறு படகிலிருந்து. “அவதான். வேற யாரு.”

சன்னலுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே சிரித்தார்கள். அதன்பின் ஆறு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. ஆனால் கூட்டம் அப்போதும் கலையவில்லை. ஒரு படகுக்காரன் இன்னொரு படகைப் பற்றிச் சொன்னதைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, தத்தம் ஆளின் குரலைத் தாமே கேட்டு, தாமே திட்டிவிட்டு, அதன்பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். மேலதிகாரி மறுபடி அழைத்து, “கூட்டம் கலைந்துவிட்டதா?” என்றார். “கலையவில்லை ஐயா, வரிசையில் நிற்கிறது” என்றேன்.

ஒத்திகை கெட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். வதந்தி பரப்பியவர்கள் என்று யாரையாவது சுட்டும்படி குறிப்பாகச் சொன்னார்கள். இந்த ஊரில் விடாமல் அடிக்கும் மணி கரைக்கு அழைப்பது, அதை நாம்தான் அடிக்கச் செய்தோம், ஊர் தன் வழக்கப்படி நடந்தது என்று மூன்று வரியில் எழுதி அனுப்பினேன். அதற்கு மறுமொழி வரவில்லை. உபதேசியாரை அதன்பின் ஒருவரும் விசாரணைக்கு அழைக்கவில்லை.

சில நாள் கழித்துப் படகுகள் கரை சேர்ந்தன. தாசன் என்னைக் காண அலுவலகத்துக்கு வந்தார். உயரமான மனிதர், நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார்.

“சாறு மன்னிக்கணும். நீங்க கூப்பிட்டது ஆறு போட்டுக்கும் நல்லாக் கேட்டுச்சு.”

“பிறகு ஏன் பேசவில்லை?”

“போருண்ணு சேதி வந்த அண்ணைக்கு ஹார்பருல வச்சு ஒரு தாளு வாசிச்சீங்கல்லா. முகம் தெரியாதவன் எங்க நிக்கியாண்ணு கேட்டா சொல்லப்பிடாதுண்ணு. ஒங்க வாயாலதான் கேட்டோம்.”

வாசித்தது நான்தான், மறுக்க முடியாது. “அப்படியென்றால் என் குரலை அறிந்திருக்க வேண்டுமே. வட்டாட்சியர் என்றும் சொன்னேனே” என்றேன்.

“ஒற்றன் வந்தா ஒற்றன்ணா சொல்லுவான்? தாசில்தாருண்ணுதான் சொல்லுவான்.” என்றார். “அதுக்கு மேல, ‘தங்கள் படகு தற்போது இருக்கும் இடம்’ண்ணு எங்க செட்டுல ஒருத்தரும் பேசினதில்ல சாறே. அவ்வளவு சுத்தமா ஒருத்தன் பேசினா, படிச்சு வச்சுப் பேசுகான்ணுதானே தோணும். நான்தான் வேற சேனலுல மத்த போட்டுக்காரனுவகிட்ட வாயத் தெறக்காதீங்கண்ணேன்.”

தமிழ் படித்துப் பட்டம் பெற்று, வழுவின்றிப் பேசுவதையும் எழுதுவதையும் ஒரு நோன்பாகவே கொண்டிருந்தவன் நான். இன்றும் அதை விட்டுவிடவில்லை. நீங்களும் விட வேண்டியதில்லை. ஆனால் செம்மையான சொல் நம்பிக்கையைத் தானாகக் கொண்டுவரும் என்று எண்ணியிருந்தேனே, அதை அன்று விட்டேன். அவர்கள் என்னை நம்பாதது தவறன்று. நான் கற்பித்த எச்சரிக்கையைத்தான் என்மேல் செலுத்தினார்கள். கரையில் பீட்டரும் கடலில் தாசனும், முன்பு பட்டதையும் முன்பு கேட்டதையும் வைத்து அவரவர் அளவில் சரியாகவே ஐயுற்றார்கள். அந்த ஐயத்தைக் கடிந்து அடக்க முயல்பவர் இந்தப் பணியில் பாதி வாழ்நாளை வீணாக்குவார்.

ஒரு வாரத்துக்குப் பின் மறுபடி ஒத்திகை வைக்க ஆணை வந்தது. இம்முறை ஊர்க் கமிட்டியிடமே கேட்டேன். மணியைத் தொடவேண்டாம் என்றார்கள். கோயில் ஒலிபெருக்கியில் ஸ்டெல்லா அறிவிக்கட்டும் என்று பீட்டர் சொன்னார். ஸ்டெல்லாவும் இசைந்தார்.

குறித்த நாளில், குறித்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். படகுகள் மறுபடி கடலுக்குப் போயிருந்தன. எல்லாம் ஆயத்தமாக இருந்தது. “தொடங்கலாம் அம்மா” என்றேன். அவர் கோயிலுக்குப் போகவில்லை. நேரே சங்கக் கட்டடத்துக்குள் போய்க் கருவியை எடுத்தார்.

“மிக்கேல், மிக்கேல். அங்க ஒண்ணும் இல்லல்லா?”

“ஒண்ணும் இல்ல. ஏன், தாசில்தாரு வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

அதன்பிறகுதான் அவர் கோயிலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் ஊர் முழுவதும் கேட்டது. “இது ஒத்திகைதான். தாசில்தாரு சொல்லியாரு.” அவ்வளவில் ஒரு கதவும் அசையவில்லை, தெருவில் நின்றவர்கள் நின்றபடியே அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள். “நானும் கேட்டுட்டேன்” என்றார் ஸ்டெல்லா. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.